அடுத்து வரப்போகும் லேப்டாப்கள்: ஊகங்களும் மாடல் வரிசையும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வெளிவருவதற்கு முன்பே அதைப் பற்றிய தகவல் எப்படிக் கசிகிறது?

லேப்டாப் ஒரே கூரையின் கீழ் பிறக்கும் பொருள் இல்லை. திரை ஓரிடத்தில் தயாராகும், சிப் வேறிடத்தில், பேட்டரியும் கீலும் உலோகக் கூடும் இன்னும் வேறு வேறு இடங்களில். இவற்றை ஒன்றுசேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் குவாண்டா, காம்பல் போன்ற தைவான் நிறுவனங்கள் செய்கின்றன. மேடையில் திரை விலகுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் அந்த மாடலைப் பார்த்திருப்பார்கள், தொட்டிருப்பார்கள். ஒருவர் கூட வாய் திறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது போக, சட்டப்படி பதிவு செய்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. குறியாக்க வசதி உள்ள கருவிகளை விற்க யூரேசியப் பொருளாதார ஆணையத்தில் மாடல் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ரேடியோ அலை பயன்படுத்தும் எதுவும் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி வழியாகப் போகவேண்டும். அப்புறம் இருக்கவே இருக்கிறது மென்பொருள். புது இயங்குதளப் பதிப்பின் உள்ளே, இன்னும் பிறக்காத மாடலின் அடையாள எண் தெரியாமல் தங்கிவிடும்.

மிகப் பெரிய கசிவு என்றால் 2021 ஏப்ரலில் நடந்ததுதான். ரெவில் என்ற இணையக் கொள்ளைக் கும்பல் குவாண்டாவின் கணினிகளுக்குள் புகுந்து, ஆப்பிளின் மேக்புக் வரைபடங்களைத் திருடி, 5 கோடி டாலர் கேட்டது. அதில் சில படங்களைப் பொதுவெளியில் போட்டும் விட்டது. புது மேக்புக் ப்ரோவில் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு வாசல், காந்தத்தில் ஒட்டும் மேக்சேஃப் சார்ஜர் மூன்றும் திரும்பி வருவது அந்த வரைபடத்தில் தெரிந்தது. அக்டோபரில் மாடல் வெளியானபோது மூன்றுமே இருந்தன. 2024 அக்டோபரில் இன்னொரு கூத்து. எம்4 மேக்புக் ப்ரோ அறிமுகமாவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு ரஷ்ய யூடியூபர் அதன் பெட்டியைப் பிரித்து வீடியோவே போட்டுவிட்டார்.

இவற்றில் எதை நம்பலாம்?

வதந்தி ஒன்று வந்தால் அதை மூன்று துண்டாக வெட்டிப் பாருங்கள்: என்ன வருகிறது, எப்போது வருகிறது, என்ன விலைக்கு வருகிறது. முதலாவது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் அது பாகம் செய்யும் இடத்திலிருந்து வருகிறது. இரண்டாவது நழுவும். மூன்றாவதை நம்பவே வேண்டாம். விலையைக் கடைசி நேரம் வரை மாற்ற முடியும், அது தெரிந்தவர்களும் ஒரு சிலரே.

ஓர் உதாரணம். தொடுதிரை உள்ள மேக்புக் ப்ரோவை ஆப்பிள் உருவாக்குகிறது, 2025இல் வரலாம் என்று 2023 ஜனவரியில் ப்ளூம்பெர்கின் மார்க் குர்மன் எழுதினார். 2025 முடிந்தது, தொடுதிரை மேக் எதுவும் வரவில்லை. அவர் சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஓலெட் திரை, தொடு உணரி, அதற்கேற்ற கீல், இதில் ஏதாவது ஒன்று தள்ளிப்போனாலும் முழு மாடலும் சேர்ந்து தள்ளிப்போகும். மாறாக, 16 இன்ச் அளவில் புது மேக்புக் ப்ரோ வரும் என்று ஆப்பிளைப் பற்றிக் கணிப்புச் சொல்லும் ஆய்வாளர் மிங்-சி குவோ 2019 தொடக்கத்தில் சொன்னார். அதே நவம்பரில் வந்தது.

“வேறெங்குமே கிடைக்காத பிரத்யேகத் தகவல்” என்று தொடங்கி, எந்தப் பாகம், எந்த அளவு, எந்தச் சிப் என்று எதையுமே சொல்லாத செய்தியை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

வரப்போகிறதைக் கம்பெனியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் என்ன?

சொன்னால் இருக்கிற சரக்கு விற்காது. இதற்கு எல்லோரும் காட்டும் கதை ஆஸ்போர்ன். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி, 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ, திரை 5 இன்ச். தூக்குவது என்ற சொல்லுக்கு அப்போது அர்த்தமே வேறு! நன்றாக விற்றது. பிறகு, அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதமாக இருக்கும் என்று முன்கூட்டியே பேசப்போய், கடைக்காரர்கள் பழையதற்கான ஆர்டரை நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். 1983இல் கம்பெனி திவால்.

உண்மை இன்னும் சிக்கலானது. 9 இன்ச் திரையோடு காய்ப்ரோ போட்டிக்கு வந்ததும் ஆஸ்போர்னுக்குப் பெரிய அடி. ஆனாலும் இந்தக் கதைதான் எல்லா நிறுவனங்களின் மனதிலும் தங்கிவிட்டது. இதற்குப் பெயரே ஆஸ்போர்ன் விளைவு.

கசிவு எதுவும் இல்லாதபோது, அடுத்து என்ன வரும் என்று நாமே கணிக்க முடியுமா?

முடியும். அதற்கு முதலில் பார்க்கவேண்டியது செய்தியை அல்ல, இப்போது விற்பனையில் இருக்கும் வரிசையை. மாடல்களை விலைப்படி ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எங்கே பெரிய ஓட்டை தெரிகிறதோ அங்கேதான் அடுத்த மாடல் விழ வாய்ப்பு அதிகம்.

2023 தொடக்கத்தில் மேக்புக் வரிசையைப் பார்த்திருந்தால் இது கண்ணில் குத்தியிருக்கும். பெரிய திரை வேண்டும், ஆனால் கனமான வேலை எதுவும் இல்லை என்பவருக்கு 16 இன்ச் ப்ரோவைத் தவிர வழி இல்லை. அது 2,499 டாலர். எட்டு மணி நேரம் எக்செல் பார்ப்பவர், திரை பெரிதாக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வீடியோ எடிட்டருக்கான சிப்புக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அந்த ஜூனில் 15 இன்ச் மேக்புக் ஏர் 1,299 டாலருக்கு வந்தது. முன்பே கசிவும் இருந்தது, ஆனால் கசிவு இல்லாவிட்டாலும் ஓட்டை கண்ணில் பட்டிருக்கும்.

அதே வரிசையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. 13 இன்ச் ப்ரோ 1,299, அடுத்தது 14 இன்ச் ப்ரோ 1,999. நடுவே 700 டாலர் வெற்றிடம். போதாக்குறைக்கு அந்த 13 இன்ச் ப்ரோ பழைய உடம்பு, டச் பார் (கீபோர்டின் மேல் வரிசையில் விசைகளுக்குப் பதிலாக ஒரு தொடுபட்டை), ஏரில் இருந்த அதே எம்2 சிப். 2023 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டு, சாதாரண எம்3 சிப்போடு 14 இன்ச் ப்ரோவை 1,599க்கு வைத்தார்கள். ஏறக்குறைய இடைவெளியின் நட்ட நடுவில்.

இன்னொரு கருவி நாள்காட்டி. விண்டோஸ் லேப்டாப்களுக்கு ஜனவரியில் லாஸ் வேகஸின் சிஇஎஸ், கோடையில் தைபேயின் கம்ப்யூடெக்ஸ், செப்டம்பரில் பெர்லினின் ஐஎஃப்ஏ என்று மூன்று கண்காட்சிகள். இன்டெல், ஏஎம்டி, குவால்காம் சிப்களின் அறிவிப்பு பெரும்பாலும் இவற்றை ஒட்டியே வரும். லேப்டாப் பிராண்டுகள் அவற்றின் பின்னால் ஓடும்.

ஓட்டை தெரிந்தால் கட்டாயம் நிரப்புவார்களா?

இல்லை. சில ஓட்டைகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. நடுவில் ஒரு நல்ல மாடலை வைத்தால், மேலே உள்ள விலை உயர்ந்ததை வாங்க வந்தவர் கீழே இறங்கிவிடுவார். அவர் இறங்குவதால் போகும் லாபமும், புதிதாக வருபவர்களால் சேரும் லாபமும் எது அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். வெளியில் இருக்கும் நமக்கு அந்தக் கணக்குத் தெரியாது. வதந்திக்காரர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ஒரு மாதிரி மாடல் சோதனைச் சாலையில் இருப்பது உண்மையாக இருக்கலாம், அது கடைக்கு வருவது வேறு விஷயம்.

நல்ல மாடல் வரிசை என்றால் எப்படி இருக்கவேண்டும்?

1998இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கவாட்டில் பொதுமக்கள், தொழில்முறையினர். மேல்கீழாக மேசைக் கணினி, கையடக்கக் கணினி. நான்கு கட்டம், நான்கு பொருள். அதற்கு முன் ஆப்பிளிடம் டஜன் கணக்கில் மாடல்கள், அவற்றுக்கு நான்கு இலக்க எண்கள். எது எதைவிட உசத்தி என்று விற்பவருக்கே தெரியாத நிலை. கடைசிக் கட்டம் 1999இல் ஐபுக் வந்ததும் நிறைந்தது.

அந்தக் கட்டத்தின் அழகு அது சின்னதாக இருந்ததில் மட்டும் இல்லை. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் உங்கள் கணினி எது என்று தெரிந்துவிடும். வாங்குபவர் கேட்கும் கேள்வியும் வரிசை பிரிந்திருக்கும் முறையும் ஒன்றாக இருந்தன. என்னைக் கேட்டால் வரிசைக்கு வேறு இலக்கணமே வேண்டாம். ஒரு மாடலுக்கும் அதற்கு மேலே உள்ள மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். அந்த வாக்கியத்தில் “ஆனால்” என்ற சொல் வந்தால் வரிசை கெட்டுவிட்டது.

2018இன் கடைசியில் ஆப்பிளிடமே அது கெட்டுப்போயிருந்தது. 12 இன்ச் மேக்புக் இருந்தது, வெறும் 920 கிராம். ரெட்டினா திரையோடு புது மேக்புக் ஏர் இருந்தது. டச் பார் இல்லாத 13 இன்ச் ப்ரோவும் இருந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை வட்டாரம். ஏர் என்று பெயர் வைத்ததைவிட வெறும் மேக்புக் எடை குறைவு, ஆனால் ஒரே ஒரு யூஎஸ்பி-சி வாசல். எத்தனை “ஆனால்”! 2019 ஜூலையில் 12 இன்ச் மாடலை நிறுத்தினார்கள். டச் பார் இல்லாத ப்ரோவும் அதோடு போனது.

அந்த நான்கு கட்டம் இன்றைக்கும் போதுமா?

போதாது. அன்றைக்குக் கையடக்கக் கணினி என்பதே ஒரு வகை. இன்றைக்குப் பலருக்கும் இருக்கும் ஒரே கணினி அதுதான். தொழில்முறையினர் என்ற சொல்லும் நீர்த்துவிட்டது. எழுத்தாளரும் தொழில்முறையினர்தான், அவருக்கு வேண்டியது நல்ல கீபோர்ட், கிராபிக்ஸ் சிப் இல்லை.

நான் வரிசை போட்டால் கோட்டை வேறு இடத்தில் கிழிப்பேன்: வெப்பத்தில். 2020இல் எம்1 சிப்போடு வந்த ஏருக்கும் 13 இன்ச் ப்ரோவுக்கும் உள்ளே ஒரே சிப். ப்ரோவில் ஃபேன் உண்டு, ஏரில் இல்லை. இரண்டு நிமிட வேலையில் இரண்டும் சமம். அரை மணி நேரம் வீடியோ ஏற்றுமதி செய்தால், ஏர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ரோ குறைக்காது. உங்கள் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வருவதா, இடைவிடாமல் ஓடுவதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் சிப்பின் பெயரே தேவைப்படாது.

ஆக, முதல் கேள்வி வேலை ஓயுமா ஓயாதா. இரண்டாவது, தினமும் தூக்குவீர்களா, அதாவது 13-14 இன்ச்சா 15-16 இன்ச்சா. இது நான்கு மாடல். கீழே விலை குறைந்த ஒன்று, மாணவர்களுக்கும் முதல் கணினி வாங்குபவர்களுக்கும். ஐந்தோடு சரி. கிராபிக்ஸ் வேண்டுமா என்பதை ஓயாத வேலை வரிசையில் ஒரு தேர்வாக வைத்தால் போதும், அதற்குத் தனிக் குடும்பம் தேவையில்லை. இந்த வாதத்துக்கு எதிராக ஒரே ஒரு நியாயம் உண்டு: விளையாட்டு. அந்த வாங்குபவர்கள் திரையின் புதுப்பிப்பு வேகத்தையும் வாட் கணக்கையும் பார்த்து வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தனி வரிசை இருப்பது சரிதான்.

பெயர்கள் ஏன் இவ்வளவு குழப்புகின்றன?

பெயர் வைப்பது இரண்டு வேலை செய்யவேண்டும். இது எந்தக் குடும்பம் என்று சொல்லவேண்டும், அந்தக் குடும்பத்தில் எத்தனாவது என்றும் சொல்லவேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்கும்போது சிக்கல்.

2025 ஜனவரியில் டெல் தன் எக்ஸ்பிஎஸ், இன்ஸ்பிரான், லாட்டிட்யூட் பெயர்களை ஓரங்கட்டிவிட்டு டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மேக்ஸ் என்று மூன்று குடும்பம் வைத்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் அடிப்படை, ப்ளஸ், பிரீமியம் என்று படிகள். தாளில் பார்த்தால் சுத்தமான கட்டம். நடைமுறையில் ‘டெல் ப்ரோ மேக்ஸ் 16 பிரீமியம்’ என்று ஒரு பெயர் வந்து நின்றது. ப்ரோவும் மேக்ஸும் பிரீமியமும் மூன்றுமே உயர்வைக் குறிக்கும் சொற்கள், எது எதற்கு மேல்? ஓராண்டு கழித்து, 2026 சிஇஎஸ் கண்காட்சியில், எக்ஸ்பிஎஸ் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள் மனதில் பல வருடங்களாக ஊறிய பெயரை ஒரே நாளில் தூக்கிப்போட்டால் இப்படித்தான்.

ஹெச்பி 2024இல் ஸ்பெக்டர், என்வி, பெவிலியன் மூன்றையும் ஆம்னிபுக் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவர ஆரம்பித்தது. அதுவும் 1993இல் அவர்களே வைத்திருந்த பழைய பெயர்தான். ஃப்ரேம்வொர்க் என்ற லேப்டாப் நிறுவனம் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 12, 13, 16. எண் என்பது திரையின் அளவு, அவ்வளவுதான். திங்க்பேட் இன்னொரு வழி. எக்ஸ், டி, பி, எல், இ என்று எழுத்துகள். முதலில் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, ஆனால் ஐபிஎம் காலத்து எழுத்துகளில் சில லெனோவோவின் கைக்கு வந்த பிறகும் மாறவில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டால் பத்து வருடத்துக்குப் போதும்.

சிப்பின் பெயரைப் பார்த்தாவது வேகத்தைத் தெரிந்துகொள்ளலாமா?

எப்போதும் முடியாது. ஏஎம்டியின் ரைசன் 5 வரிசையில் 7520யூ, 7530யூ, 7535யூ, 7540யூ என்று நான்கு சிப்கள் உண்டு. பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் கட்டமைப்புத் தலைமுறை முறையே ஜென் 2, ஜென் 3, ஜென் 3+, ஜென் 4. முதலாவதன் கட்டமைப்பு 2019ஐச் சேர்ந்தது, கடைசியினுடையது 2022. தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ஆனால் மக்கள் பார்ப்பது முதல் இலக்கத்தை.

கிராபிக்ஸில் இதைவிட மோசம். லேப்டாப்பில் வரும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப்புக்கு லேப்டாப் தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர், வேகம் வேறு. லேப்டாப் 4090 என்பதும் மேசைக் கணினியின் 4090 அல்ல. அதில் இருப்பது மேசைக் கணினியின் 4080க்குப் பயன்பட்ட சிப், நினைவகமும் 24க்குப் பதில் 16 ஜிபி. இதையெல்லாம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடும் நாள் வந்தால் சொல்லுங்கள்.

மெமரி, ஸ்டோரேஜ் படிகளை வைத்து விலை ஏற்றுவது நியாயமா?

கீழ்ப் படியை வேண்டுமென்றே மெலிதாக வைத்து, அடுத்த படியை “கொஞ்சம்தானே கூட” என்று காட்டுவது பழைய வியாபாரத் தந்திரம். 2023இல் 1,599 டாலர் கேட்ட மேக்புக் ப்ரோவில் 8 ஜிபி நினைவகம்தான் இருந்தது. ஓர் ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், ஏர் உட்பட எல்லா மேக்கிலும் அடிப்படையே 16 ஜிபி என்று மாற்றினார்கள், விலையை ஏற்றாமல். விண்டோஸ் பக்கம் மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் கோபைலட் பிளஸ் பிசி என்ற அடையாளத்துக்கு 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி ஸ்டோரேஜ், நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் என்பியு (ஏஐ வேலைக்கான தனிச் செயலி) என்று வரையறை வைத்தது. அந்த ஏஐ வசதிகளை எத்தனை பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் 16 ஜிபி கீழ்வரம்பு வந்ததற்காகவே அதை மன்னிக்கலாம்.

பழைய மாடலை விலை குறைத்து விற்பனையில் வைத்திருப்பது நல்லதா?

நல்லதுதான், பெயர் தெளிவாக இருந்தால். எம்2 ஏர் 1,199க்கு வந்தபோது எம்1 ஏரை 999க்கு அப்படியே வைத்திருந்தார்கள். பெயரிலேயே தலைமுறை தெரிந்ததால் யாரும் ஏமாறவில்லை.

வாங்கலாமா, காத்திருக்கலாமா?

ஒருமுறை அவசரப்பட்டு ஒரு லேப்டாப் வாங்கினேன். மூன்றே வாரத்தில் அதே விலைக்கு இரண்டு மடங்கு மெமரியோடு புதியது வந்தது. கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: இப்போதுள்ள மாடல் எந்த மாதம் வந்தது என்று முதலில் பார்ப்பது. வந்து ஆறு மாதத்துக்குள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். பத்து மாதம் தாண்டிவிட்டது, இருக்கிற கணினியும் ஓடுகிறது என்றால் பொறுக்கலாம். இருக்கிறது உடைந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. காத்திருக்கும் இரண்டு மாதத்தில் நின்றுபோகும் வேலை, புது சிப் தரும் 15 சதவீத வேகத்தைவிடப் பெரிது. புதியது வந்த மறுநாள் பழையதன் விலை இறங்கும். காத்திருந்தவர் அதையும் வாங்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஒன்று ஊகிக்கவேண்டும் என்றால்?

என் தாளில் எனக்குத் தெரியும் ஓட்டை ஒரு கிலோவுக்குக் கீழே. 2015இல் வந்த 12 இன்ச் மேக்புக் பத்து வருடம் முந்திப் பிறந்த குழந்தை. ஃபேன் இல்லாத அந்த உடம்புக்கு அன்றைய இன்டெல் சிப் பொருந்தவில்லை, கீபோர்டும் காலை வாரியது. இன்றைய கைப்பேசிச் சிப்பே அதைவிட வேகம், சூடும் குறைவு. ஆனால் நான் மேலே சொன்ன கணக்கு இதற்கும் உண்டு. அந்த எடையில், அந்த விலையில், கழற்றி மாட்டும் கீபோர்டோடு அதே நிறுவனத்தின் ஐபேட் உட்கார்ந்திருக்கிறது. அது நகர்ந்து இடம் விடுமா என்று பார்க்கவேண்டும்.